கீரி அல்லாத ஒன்று இடமிருந்து வலமாகப் போகிறது

1

இந்தக் கதை ஏழு விநாடியில் பிறந்தது. பிறந்தே ஆக வேண்டிய அவசியம் இல்லாத ஏழு விநாடி. தப்பு என்னுடையது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதிக் கதையில் நீங்களாகக் கண்டுபிடித்து ஒரு பார்வை பார்ப்பீர்களே, அதைத் தாங்கும் தெம்பு எனக்கில்லை.

துபாயில் ஒரு மாலின் மேல்தளத்தில், கண்ணாடிக் கூரைக்குக் கீழே ஒரு செயற்கைக் காடு இருக்கிறது. (எந்த மால் என்று கேட்காதீர்கள். கேட்டால் வேறு மாலின் பெயரைச் சொல்வேன்.) அங்கே ஒவ்வொரு விலங்கின் கூண்டுக்கு முன்னாலும் ஒரு க்யூஆர் கோடு ஒட்டியிருக்கும். போனைக் காட்டினால் அந்த விலங்கைப் பற்றி ஒரு குரல் பேசும். அரபி, ஆங்கிலம், இந்தி, மலையாளம், தமிழ். தமிழில் அந்தக் குரல் என்ன பேச வேண்டும் என்று எழுதிக் கொடுப்பதுதான் நான் மாதச் சம்பளம் வாங்கிய வேலை. ஒரு விலங்குக்குச் சரியாக ஒரு நிமிடம். முதலைக்கும் ஒரு நிமிடம், மரத்தவளைக்கும் ஒரு நிமிடம். எங்கள் மேனேஜருக்கு உயிர்களிடத்தில் பேதம் கிடையாது.

அப்படி ஒரு நாள் வந்து சேர்ந்தது இந்தப் பிராணி. மடகாஸ்கர் தீவு. காலிடிக்டிஸ் என்ற பேரினம். பேரினம் என்று பெயர்தானே தவிர அதில் இருப்பது இரண்டே இனங்கள். பூச்சி, தேள், கரப்பான் என்று கிடைத்ததைத் தின்னும் சின்ன ஊனுண்ணி. பார்த்தால் கீரி மாதிரி இருக்கும், ஆனால் கீரி இல்லை. முதுகில் நீளவாட்டில் கறுப்புப் பட்டைகள். அணிலுக்கு மூன்று கோடு போட்டவரே மிச்சமிருந்த மையை இதன்மேல் தாராளமாக இழுத்துவிட்டதுபோல. இரவில் மட்டும் நடமாடும். அதற்கு மேல் இதைப் பற்றி யாருக்கும் அதிகம் தெரியாது என்று கம்பெனி கொடுத்த தாளிலேயே போட்டிருந்தது.

எழுதிப் படித்துப் பார்த்தேன். ஐம்பத்து மூன்று விநாடியில் விலங்கு தீர்ந்துவிட்டது. ஏழு விநாடி காலியாக நின்றது. டீ ஆறிக்கொண்டிருந்தது. எழுதினேன்:

“நம் ஊரில், கீரி குறுக்கே போனால் எடுத்த காரியம் ஜெயம் என்பார்கள். உங்கள் காரியமும் ஜெயமாகட்டும்!”

நான்கு மொழிகளில் அது ஒரு பிராணி. தமிழில் மட்டும் அது சகுனம் ஆகிவிட்டது.

2

கதையை எப்படித் தொடங்குவது என்று மூன்று தடவை பார்த்தேன். மூன்றையும் கீழே விட்டுவைத்திருக்கிறேன். பழைய சாமானைத் தூக்கிப்போட மனசு வராத குடும்பம் எங்களுடையது.

[தொடக்கம் ஒன்று] மடகாஸ்கரின் முட்காட்டில் அந்தி சாயும் நேரம், புதரிலிருந்து ஒரு சின்ன மூக்கு

(நிறுத்திவிட்டேன். நான் மடகாஸ்கரைப் பார்த்ததில்லை. ஷார்ஜாவில் வழி தவறி அஜ்மானுக்குப் போய் நின்றவன்.)

[தொடக்கம் இரண்டு] வெங்கட்ராமனுக்கு வேலை போன அன்று துபாயில் மழை பெய்து

(பொய். துபாயில் மழை பெய்தால் ஆபீசுக்கு லீவு விட்டுவிடுவார்கள். வேலையை விட்டு அனுப்பவும் ஆள் வரமாட்டான். அன்று வழக்கமான வெயில்தான்.)

[தொடக்கம் மூன்று] நான்

(இந்த ஒரு சொல்லோடு எழுந்துவிட்டேன். வீட்டில் இருப்பது ஒரே லேப்டாப். என் மனைவியும் அதில்தான் சமையல் வீடியோ பார்க்கிறாள். ‘நான்’ என்று எழுதினால், “ஓஹோ, அப்ப இது நீங்கதானா?” என்பாள். ‘அவன்’ என்று எழுதினால், “யாருங்க இந்த ஆளு, ஒங்கள மாதிரியே அசடா இருக்கான்?” என்பாள். இரண்டாவது பரவாயில்லை.)

ஆகவே இனி வருவது வெங்கட்ராமன் என்கிற ஒருவனின் கதை. என் பெயரும் அதுதான் என்பது தற்செயல். வயது நாற்பத்தைந்தைத் தாண்டியது, சொந்த ஊர் திருச்சி, முன்வழுக்கை... வேண்டாம், முன்வழுக்கையை அடித்துவிடுகிறேன், கதைதானே. ‘அவர்’ என்று மரியாதை கொடுக்கலாமென்றால் கூச்சமாக இருக்கிறது. அவன் என்றே போகட்டும். மனைவி பிரபாவதி. அவள் பெயரையும் மாற்றலாம் என்று பார்த்தேன். இன்னொரு பெண்ணின் பெயரை எழுதினால், அது யார் என்று இன்னொரு கதை சொல்ல வேண்டிவரும். மகள் தாரிணி, பதினொன்றாவது. வீடு சத்வாவில், கீழே வரிசையாகத் தையல் கடைகள் உள்ள ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடி.

3

தமிழுக்குக் குரல் கொடுத்துக்கொண்டிருந்தவர் திடீரென்று கனடா போய்விட்டார். மேனேஜர் வெங்கட்ராமனைக் கூப்பிட்டு, “யல்லா, யாரையாவது பிடி” என்றார். வெளியில் ஆள் பிடிக்க அவர் பணம் ஒதுக்கவில்லை. வெங்கட்ராமன் வீட்டுக்குள்ளேயே பிடித்தான்.

அந்த வீட்டில் சத்தம் வராத இடம் ஒன்றுதான்: படுக்கையறை அலமாரி. இரண்டு பக்கமும் பிரபாவதியின் பட்டுப்புடவைகள் தொங்கும். நடுவில் ஒரு முக்காலியைப் போட்டு அவளை உட்காரவைத்துக் கதவைச் சாத்தினால், கீழேயிருந்து வரும் தையல் மெஷின் சத்தம் செத்துவிடும். ஏசியையும் நிறுத்தியாக வேண்டும். புடவைக்கு நடுவே, வியர்த்து வழிந்துகொண்டு, ஒரு கையில் டார்ச்சும் ஒரு கையில் தாளுமாக அவள் படிப்பாள். கதவிடுக்கு வழியாகத் தாரிணி போனைப் பிடித்துக்கொள்வாள். முதலை, மரத்தவளை, மலைப்பாம்பு எல்லாம் தமிழில் பேசியது இப்படித்தான்.

காலிடிக்டிஸ் முறை வந்தபோது அலமாரிக்குள்ளிருந்து குரல் நின்றது.

“என்னங்க, இது எதுக்கு? மேல ‘கீரி இல்லை’ன்னு எழுதியிருக்கீங்க. கீழ கீரி குறுக்க போனா ஜெயம்ங்கறீங்க.”

“ஏழு செகண்டு மிச்சமிருக்கு பிரபா.”

“அப்ப கொஞ்சம் மெதுவாப் படிக்கறேன்.”

“மெதுவாப் படிச்சா கேக்கறவன் தூங்கிருவான்.”

“நீங்க எழுதினத வேகமாப் படிச்சாலும் தூங்குவான்.”

தாரிணி சிரித்ததில் போன் ஆடிப்போய் மறுபடி முதலிலிருந்து எடுக்க வேண்டியதாயிற்று. “அப்பா, இது மங்கூஸே இல்ல,” என்றாள் அவள். “கம்ப்ளீட்லி டிஃபரன்ட் ஃபேமிலி.”*

இரண்டாவது தடவை பிரபாவதி கடைசி வரிக்கு வந்ததும் ஒரு மூச்சு விட்டாள். பிறகு, “உங்கள் காரியமும் ஜெயமாகட்டும்” என்று படித்தாள். விளம்பரத்தில் படிப்பதுபோல இல்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் பக்கத்து பெஞ்சில் இருப்பவரிடம் சொல்வதுபோல இருந்தது. வெங்கட்ராமன் அதைக் கவனிக்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். சரியாக ஒரு நிமிடம்.

(நானும் கவனிக்கவில்லை. இந்த வரியை எழுதும்போதுதான் காதில் விழுகிறது.)

* தாரிணி சொன்னது சரி. எத்தனையோ லட்சம் வருஷத்துக்கு முன்னால் ஆப்பிரிக்கக் கரையிலிருந்து ஏதோ ஒரு மூதாதை, மிதக்கும் செடிகொடிக் குப்பையில் ஏறிக் கடல் தாண்டி அந்தத் தீவில் கரையேறியிருக்க வேண்டும் என்கிறார்கள். அதன் வம்சம்தான் பிற்பாடு கீரி மாதிரியும் பூனை மாதிரியும் பலவாகப் பிரிந்தது. தாரிணி இதை இப்படிச் சொன்னாள்: “யாரோ ஒருத்தங்க வந்துட்டாங்க, திரும்பிப் போக போட் இல்ல, அவ்ளோதான்.” இதை ஒரு பெரிய உவமையாக்க எனக்குக் கை அரிக்கிறது. அடக்கிக்கொள்கிறேன்.

4

துபாயில் பத்தாவது வகுப்புத் தேர்வைவிடக் கடினமானது டிரைவிங் டெஸ்ட். அதில் தோற்றுத் தோற்று, இன்ஸ்ட்ரக்டரே பார்த்தால் ஒளிந்துகொள்ளும் நிலைமைக்கு வந்துவிட்ட ஒரு கோயம்புத்தூர்க்காரர், ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு அந்தக் காட்டுக்கு வந்தார். போனைக் காட்டினார். பிரபாவதி வாழ்த்தினாள். பிராணி குறுக்கே போனது. மறுநாள் பாஸாகிவிட்டார்.

அவர் அதை வாட்ஸ்அப் குழுவில் போட்டார். மீதியை நான் எழுத வேண்டியதில்லை. உங்கள் போனிலும் வந்திருக்கும்.

இரவுப் பிராணிகளுக்கென்று தனியாக ஒரு கூடம் உண்டு. அங்கே பொழுதைத் தலைகீழாக மாற்றி வைத்திருப்பார்கள். வெளியே வெயில் கொளுத்தும்போது உள்ளே மங்கிய நீல வெளிச்சம், ராத்திரி. மால் மூடிய பிறகு விளக்கெல்லாம் போட்டுப் பகல். நைட் ஷிஃப்டைப் பகலில் பார்க்கிற பிராணிகள். அந்த இருட்டில், மற்ற கூண்டெல்லாம் ஈயாட, இந்த ஒரு கண்ணாடிக்கு முன்னால் மட்டும் தமிழர் கூட்டம். விசா இன்டர்வியூவுக்குப் போகிறவர்கள், போர்டு எக்ஸாம் பிள்ளைகள், பெண் பார்க்க ஊருக்குப் போகிறவர்கள். இயர்போன் போடும் வழக்கம் நமக்கு இல்லையல்லவா. எல்லாரும் ஸ்பீக்கரில் போட்டார்கள். ஒரு போனுக்கும் இன்னொரு போனுக்கும் அரை விநாடி முன்பின்னாக, பத்துப் பிரபாவதிகள் அந்த இருட்டில், ஜெயமாகட்டும், ஜெயமாகட்டும், ஜெயமாகட்டும் என்றார்கள்.

காட்டை நடத்துகிறவர்கள், குரலைத் தயாரித்துக் கொடுக்கும் கம்பெனிக்குப் புகார் எழுத, மேனேஜர் வெங்கட்ராமனை அனுப்பினார், என்ன கூத்து என்று பார்த்துவிட்டு வா என்று.

அவன் போனபோது அங்கே ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. கீரி எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் போனால் நல்லது? இடமிருந்து வலம் என்றது ஒரு கட்சி. வலமிருந்து இடம் என்றது இன்னொன்று. பிராணியோ இரண்டு கட்சிக்கும் பொதுவாக, கண்ணாடியை ஒட்டி இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கும், அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கும் ஒரே தடத்தில் நடந்துகொண்டே இருந்தது.

கூட்டத்தின் முன்வரிசையில் ராக்கப்பன். அதே மாலில் ஏசி குழாய் பார்க்கும் ஒப்பந்தத் தொழிலாளி, சிவகங்கைப் பக்கம். டூட்டிக்கு நடுவில் சீருடையோடு வந்திருந்தார். பிராணி இடமிருந்து வலமாகப் போகும்போது கண்ணை அகல விரித்துப் பார்த்தார். அது திரும்பியதும் இரண்டு கையாலும் கண்ணை இறுகப் பொத்திக்கொண்டார்.

“தம்பி, அங்கிட்டுப் போயிருச்சா?” என்றார் கண்ணைப் பொத்தியபடியே.

“இன்னும் இல்லண்ணே, பாதியில நிக்கிது,” என்றான் கூண்டைப் பார்த்துக்கொள்ளும் ஜெயசீலன்.

“நிக்கிதா? நின்னா என்னா கணக்கு?”

“நின்னா நின்ன கணக்குதான். கையெடுங்கண்ணே, ஒங்க சூப்பர்வைசரு தேடுவாரு.”

“லீவு சாங்சனாகட்டும், அப்பறம் எடுக்கேன்.”

வெங்கட்ராமன் சிரித்துவிட்டான். ஜெயசீலன் திரும்பிப் பார்த்தான். முதுகுளத்தூர்க்காரன், முப்பது வயதிருக்கும். சிரிக்கவில்லை.

“சார், இதெழுதுனது நீங்கதானாம்ல?”

“ஆமாம்பா. ஒரு ஏழு செகண்டு...”

“அது இருட்டுல பொழைக்கிற சீவன் சார். இவுக பாஸ்போர்ட்டக் காட்டுறேன், ஆஃபர் லெட்டரக் காட்டுறேன்னு போன் வெளிச்சத்த மூஞ்சியில அடிக்கிறாக. இதுல ரெண்டு இருக்கு. ஆணு பெட்டியவிட்டு வெளியவே வரல, தீனியும் எடுக்கல. பொட்டைதான் இப்பிடி நடக்குது. நல்ல சகுனம் நல்ல சகுனம்னு நிக்கிறாக. மனசு சரியில்லாதது சார் இப்பிடி ஒரே தடத்துல நடக்கும்.”

வெங்கட்ராமன் அதன் நடையை இன்னொரு முறை பார்த்தான். அவனும் வீட்டில் யோசனை வந்தால் ஃபிரிட்ஜிலிருந்து பால்கனிக்கும், பால்கனியிலிருந்து ஃபிரிட்ஜுக்கும் நடப்பவன்.

(இங்கே ஒரு நல்ல எழுத்தாளன் பத்தியை முடித்திருப்பான். நான் சொல்லித் தொலைத்துவிடுகிறேன்: அந்த நடையை நான் முன்பே எங்கோ பார்த்திருக்கிறேன் என்று தோன்றியது. வீட்டுக் கண்ணாடியில்.)

5

புகாரின் முடிவு எளிமையாக இருந்தது. கூடத்துக்குள் போன் கூடாது என்று பலகை வைத்தார்கள். அந்த விலங்குக்குத் தமிழ்க் குரலை எடுத்தார்கள். அப்புறம், எதற்கு வம்பு என்று எல்லா விலங்குக்கும் தமிழை எடுத்தார்கள். தமிழே இல்லாத இடத்தில் தமிழ் எழுதுகிறவன் எதற்கு? மேனேஜர் தங்கமான மனிதர். காபி வாங்கிக் கொடுத்து, தோளில் கை போட்டு, “கலாஸ், மை ஃபிரண்ட்” என்றார், அதாவது முடிந்தது.

வேலை போனால் விசா போகும். விசா போனால், கொடுத்திருக்கும் கொஞ்ச காலத்துக்குள் வேறு வேலை பிடிக்க வேண்டும், இல்லையென்றால் குடும்பத்தோடு பெட்டி கட்ட வேண்டும். வளைகுடாவில் பதினேழு வருஷம் இருந்தாலும் நேற்று வந்தவனுக்கும் இதே சட்டம்தான். தாரிணிக்கு அடுத்த வருஷம் பன்னிரண்டாவது. பாதியில் பிடுங்கித் திருச்சியில் நடுவதா? வெங்கட்ராமன் நாற்பது இடத்துக்கு விண்ணப்பம் அனுப்பினான். தமிழில் விலங்குகளைப் பேசவைத்த அனுபவத்துக்குச் சந்தையில் பெரிய கிராக்கி இல்லை.

ஆகவே கேள்வி ஒன்றுதான். கதையில் இதற்கு மேல் மர்மம் கிடையாது. ஊருக்குப் போவதா, இருப்பதா?

இதை அவன் பிரபாவதியிடம் கேட்டான். அவள் முடிவு சொன்னால் செய்துவிடலாம், அப்புறம் தப்பாகப் போனால் நீதானே சொன்னாய் என்று சொல்லிக்கொள்ளலாம். (அவன் இப்படி நினைக்கவில்லை. நான் நினைத்தேன்.)

“பிரபா, ஊருக்குப் போயிரலாமா?”

“குக்கர் எத்தன விசில் வந்துச்சு?”

அடுத்த நாள்:

“போயிரலாம்னு தோணுது. நீ என்ன சொல்ற?”

“கீழ டெய்லர்கிட்ட பிளவுஸ் குடுத்தேன். வாங்கிட்டு வந்தீங்களா?”

அதற்கடுத்த நாள், அவன் பால்கனிக்கும் ஃபிரிட்ஜுக்கும் நடுவில் இருந்தபோது:

“ஒரு முடிவு சொல்லேம்மா.”

“நீங்க இப்ப எங்கிட்டு போறீங்க, இடமா வலமா? சொன்னா நான் கண்ண மூடிக்கறேன்.”

ராக்கப்பன் கதையை அவளிடம் சொன்னதற்காக அவன் தன்னையே நொந்துகொண்டான்.

6

கதையில் வெட்கக்கேடான பகுதி இதுதான். வாசகர்கள் விரும்பினால் தாண்டிப் போகலாம்.

வெங்கட்ராமன் சகுனம் பார்க்கப் போனான்.

தன் கையால், ஆறிய டீயோடு, காலி இடத்தை நிரப்ப எழுதிய சகுனத்தை. அது கீரி இல்லை என்று தெரிந்து. அது நடப்பதே மன உளைச்சலில் என்று தெரிந்து. ஒரு வேலைநாள் மத்தியானம், சட்டையை இன் பண்ணிக்கொண்டு, முழு டிக்கெட் எடுத்துப் போனான்.

கூடம் காலியாக இருந்தது. போன் இல்லை, கூட்டம் இல்லை, குரல் இல்லை. கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு பிராணிகளும் வெளியே வந்து ஒரு மரப்பட்டையைக் கிளறிக்கொண்டிருந்தன. இடமும் போகவில்லை, வலமும் போகவில்லை. அவற்றுக்கு யாருடைய காரியத்தைப் பற்றியும் கவலை இல்லை.

“இப்ப ஆணும் நல்லாத் திங்கிது சார்,” என்றான் ஜெயசீலன். இந்தத் தடவை சிரித்தான். “ராக்கப்பண்ணனுக்கு லீவு கெடச்சிருச்சு. கண்ணப் பொத்துனதுனாலதான்னு சொல்லிக்கிட்டுத் திரியிறாரு.”

“கொஞ்ச நேரம் நிக்கறேன்பா. ஒண்ணு குறுக்க போறவரைக்கும்.”

“நில்லுங்க. மேடமும் இப்பிடித்தான் நிப்பாக.”

“எந்த மேடம்?”

“ஒங்க வீட்டு மேடம்தான் சார். அந்தக் குரலு அவுகதானாம்ல, கேட்டப்ப சொன்னாக. கூட்டமா இருந்தப்ப அடிக்கடி வருவாக. அந்தா அந்தத் தூணுக்குப் பக்கத்துல, பின்னாடி நிப்பாக. கூண்டுப் பக்கமே பாக்க மாட்டாக. குரல எடுத்தன்னைக்கும் வந்தாக. போன் கூடாதுன்னு பலக வச்சிருக்கே, மறச்சு மறச்சுப் போனக் காட்டிப் பாத்தாக. அரபி வந்துச்சு, இங்கிலீசு வந்துச்சு. தமிழு வரல. கொஞ்ச நேரம் அப்பிடியே நின்னுட்டுப் போயிட்டாக.”

“என்ன வேண்டிக்கிட்டா?”

“அதப்போயி கேப்பாங்களா சார்?”

வெங்கட்ராமன் தூணுக்குப் பக்கத்தில் போய் நின்று பார்த்தான். அங்கிருந்து கூண்டு தெரியவில்லை. கூண்டுக்கு முன்னால் நிற்பவர்களின் முகங்கள்தான் தெரியும்.

7

இங்கேதான் எனக்குப் பிரபாவதி என்கிற பாத்திரத்தின் மேல் சந்தேகம் வந்தது. கல்யாணமாகிப் பதினெட்டு வருஷமாகக் கூடவே இருக்கிற பாத்திரம், ஆசிரியரிடம் சொல்லாமல் கதையைவிட்டு வெளியே போய் வந்திருக்கிறது. ஏன் போனாள்? எழுதித் தீர்த்துவிடலாம் என்று மூன்று விதமாக எழுதினேன். நேரில் கேட்பதைவிட எழுதுவது எனக்குச் சுலபம்.

[முடிவு ஒன்று] அவள் கணவனுக்காக வேண்டிக்கொண்டாள். “இவருக்கு ஒரு வேலை கிடைக்கணும்” என்று தூணோரம் கண்ணீர் மல்க நின்றாள். மறுநாள் வெங்கட்ராமனுக்கு ஒரு போன் வந்தது. பெரிய கம்பெனி. அவன் திரும்பிப் பார்க்கிறான், அவள் வாசலில் விளக்கு

(விளக்கா? சத்வாவில் வாசல் என்பது லிஃப்டுக்கு எதிரே இரண்டடி. அடித்துவிட்டேன். தவிர, வேலை போவதற்கு முன்னாலிருந்தே அவள் போயிருக்கிறாள்.)

[முடிவு இரண்டு] அவளுக்கு ஊர் ஏக்கம். பதினேழு வருஷமாக வாய்விட்டுச் சொல்லாதவள், கீரியைச் சாக்கிட்டு ஊரை நினைத்து நின்றாள். வெங்கட்ராமன் அதைப் புரிந்துகொண்டு டிக்கெட் போடுகிறான். விமானம் மேலே எழும்போது அவள் அவன் தோளில்

(பிரபாவதிக்கு விமானத்தில் ஜன்னலோரம் வேண்டும், தோள் வேண்டாம். தவிர, ஊருக்குப் போனால் மூன்றாம் நாளே “எப்பங்க திரும்பறோம்?” என்பவள்.)

[முடிவு மூன்று] ஒரு காரணமும் இல்லை. வெளியே வெயில், உள்ளே குளிர், உட்காரச் சொல்லி யாரும் உபசரிக்காத, எழுந்திருக்கச் சொல்லி யாரும் விரட்டாத ஓர் இருட்டு. கால் வலித்தது, நின்றாள்.

(இது எனக்குப் பிடித்திருந்தது. நவீனமாகவும் இருந்தது. ஆனால் குரல் இல்லாத நாளன்று அவள் ஏன் போனைக் காட்டிக் காட்டிப் பார்த்தாள் என்பதற்கு இதில் பதில் இல்லை.)

மூன்றையும் அப்படியே விட்டுவிட்டு, நான்காவதைத் தேடி நான் எழுந்து நடக்கப்போனேன். லேப்டாப்பை மூடவில்லை.

8

திரும்பி வந்தபோது பிரபாவதி அதன் முன்னால் உட்கார்ந்திருந்தாள். சமையல் வீடியோ ஓடவில்லை. பக்கத்தில் தாரிணி நின்றுகொண்டு, “அம்மா, மேல ஸ்க்ரோல் பண்ணு, என் டயலாக் கரெக்டா போட்டிருக்காரான்னு பாக்கணும்” என்றாள்.

வெங்கட்ராமன் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றான்

நான் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றேன். இனி அவனைக் காட்டி ஒளிந்துகொள்ள முடியாது.

“யாருங்க இந்த ஆளு?” என்றாள் பிரபா. “ஒங்கள மாதிரியே இருக்கான். முன்வழுக்கைதான் காணோம்.”

“சும்மா ஒரு கதை. இன்னும் முடிக்கல.”

“பாத்தேன். மூணு முடிவு. மூணுலயும் நீங்கதான் இருக்கீங்க.” அவள் திரையை என் பக்கம் திருப்பினாள். “ஒண்ணுல ஒங்க வேலைக்காக அழறேன். ஒண்ணுல ஒங்க தோள்ல சாயறேன். மூணாவதுல எனக்குக் கால் வலி. அலமாரிக்குள்ள உக்காந்து வேர்த்து வேர்த்துப் படிச்சது யாருன்னு நாலாவது பக்கத்துக்கு மேல ஒங்களுக்கே மறந்து போச்சு.”

தாரிணி மெதுவாகத் தன் அறைக்குப் போய்விட்டாள். கதவைச் சாத்தவில்லை.

“அங்க எதுக்குப் போனேன்னு தெரியணும், அவ்ளோதானே? மொத தடவ தாரிணி ஃபிரண்டுகளோட போனேன். என் குரல் கேட்டுச்சு. சீருடையோட ஒரு ஆளு, ஒங்க ராக்கப்பன்தான், கண்ணப் பொத்திக்கிட்டு நிக்கறாரு. நான் ‘ஜெயமாகட்டும்’னு சொன்னதும் அவரு தலைய ஆட்டி ‘சரிம்மா’ங்கறாரு. போனுக்கு. எனக்கு. இந்த வீட்டுல நான் ஒரு வார்த்தை முழுசாச் சொல்லி முடிக்கறதுக்குள்ள நீங்க ஒரு ஜோக்கு சொல்லிடுவீங்க. அங்க ஜனங்க நின்னு கேட்டாங்க. அவங்க மூஞ்சியப் பாக்கத்தான் போனேன். ஒங்க கீரிய நான் இன்னும் சரியாப் பாத்ததுகூட இல்ல.”

ஒரு ஜோக் வாய்வரை வந்தது. விழுங்கினேன். அது என் வாழ்க்கையின் சிறந்த ஜோக்காக இருந்திருக்கலாம். உங்களுக்கு நஷ்டம்.

“பிரபா,” என்றேன். “ஊருக்குப் போயிரலாமா?”

“இல்ல,” என்றாள். “நான் வரல.”

குக்கர் இல்லை, பிளவுஸ் இல்லை. கீழே தையல் மெஷின்கள்கூட ஒரு கணம் நின்றதுபோல இருந்தது. (நிற்கவில்லை. ஓடிக்கொண்டுதான் இருந்தன.)

“எனக்கு வேலை கெடச்சிருக்கு. ஒரு ஆஸ்பத்திரில. ராத்திரி பகல்னு இல்லாம தமிழ் ஆளுங்க பயந்துபோயி போன் பண்ணுவாங்களாம், பாஷை தெரியாம. அவங்ககிட்டப் பேசணும். என்ன அனுபவம் இருக்குன்னு கேட்டாங்க. மொதலை, மலைப்பாம்பு எல்லாத்துக்கும் பேசியிருக்கேன்னேன். சிரிச்சாங்க. கடைசி வரிய ஒரு தடவ சொல்லிக் காட்டினேன். அப்பறம் யாரும் சிரிக்கல. ஒண்ணாந்தேதி சேரணும். என் விசாவுல ஒங்க ரெண்டு பேரையும் போட முடியுமான்னு கேட்டுட்டேன். முடியுமாம்.”

“ஏம்மா இத மொதல்லயே சொல்லல?”

“நீங்க ‘போகலாமா, போகலாமா’ன்னு கேட்டீங்க. ‘நீ என்ன செய்யப் போற’ன்னு ஒரு தடவகூடக் கேக்கலையே.”

அவள் எழுந்தாள். மூன்று முடிவுகளும் திரையில் அப்படியே இருந்தன. அவள் அழிக்கவில்லை, திருத்தவில்லை. அடுப்பைப் பார்க்கப் போனவள், அடுப்படி வாசலில் நின்று திரும்பினாள்.

“இப்ப நான் கேக்கறேன். நீங்க இருக்கீங்களா, போறீங்களா? கதையாச் சொல்ல வேண்டாம்.”

நேரான பதில் ஒன்று வேண்டும் என்று இத்தனை நாள் வீட்டை அளந்தவன் நான். வாங்கிக்கொண்டேன். திருப்பிக் கொடுக்கத்தான் கையில் ஒன்றுமில்லை. பால்கனிப் பக்கம் நின்றிருந்தேன். அவள் அடுப்படி வாசலில், ஃபிரிட்ஜை ஒட்டி. நடுவில் என் பழைய தடம்.

நடக்கத் தொடங்கினேன்.

அது இடமிருந்து வலமா, வலமிருந்து இடமா என்று கேட்காதீர்கள். நீங்கள் எந்தப் பக்கம் நின்று பார்க்கிறீர்கள் என்று எனக்குத் தெரியாது. பொத்திக்கொள்கிறவர்கள் கண்ணைப் பொத்திக்கொள்ளலாம். நான் பாதி வழியில் திரும்பாமல் அவளிடம் போய்ச் சேர்ந்தேனா என்று, விரலிடுக்கில் பார்த்துச் சொல்லுங்கள்.